குழலுக்குள் ஒரு முள்

பூஜை விடுமுறை முடிந்து வங்கி திறந்த காலை அது. வாசலில் என் ஸ்டூலில் உட்கார்ந்து, துப்பாக்கியை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே நிறுத்திக்கொண்டு, பழக்கதோஷத்தில் கட்டைவிரலைக் குழலின் நுனிக்குக் கொண்டுபோனேன். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். பொட்டு உதிர்ந்தது. அதன் அடியில் இருக்கவேண்டிய மணி இல்லை.

மணி என்று நான் சொல்வது குழலின் நுனியில் மேல்பக்கம் திருகி வைத்திருக்கும் பித்தளை உருண்டையை. மிளகைவிடச் சிறியது. துப்பாக்கியைத் தோளில் வைத்துக் குழல் வழியே பார்த்தால் கண்ணுக்கு எதிரே நிற்பது அது ஒன்றுதான். என்னுடையது ஒற்றைக்குழல் துப்பாக்கி. அப்பா காலமானபிறகு லைசென்ஸோடு என் பேருக்கு மாறியது. அது இருப்பதால்தான் எனக்கு வேலையே. எட்டாம் வகுப்பில் பாதியில் நின்றவனுக்கு வங்கி வாசலில் யார் ஸ்டூல் போடுவார்கள்? ஏஜென்சிக்கு ஆள் தேவையில்லை, துப்பாக்கி வைத்திருக்கிற ஆள் தேவை. துப்பாக்கியில் குறை என்றால் அதைச் சுமக்கிறவன் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

நான் கவலைப்படுகிற ஆள். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவன் படியேறினால் கவலை. எதிர்க்கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தால் கவலை. மகள் காலேஜ் பஸ்ஸில் ஏறினாளா, வீட்டில் கேஸை அணைத்தார்களா, எல்லாமே கவலை. அத்தனை கவலையும் அந்த மணியின் தலையில்தான் இறங்கும். நாள் பூராவும் கட்டைவிரலால் அதை உருட்டிக்கொண்டிருப்பேன். அதனால்தான் அது இல்லாதது மறு நிமிடமே தெரிந்தது. வேறு எந்தக் கன்மேனாக இருந்தாலும் தெரிய ஒரு வருடம் ஆகியிருக்கும்.

ஸ்டூலுக்கு அடியில் தேடினேன். படியில் தேடினேன். செருப்பைக் கழற்றி உதறினேன். நகைக்கடன் வரிசையில் நின்ற ஒரு அம்மா குனிந்து பார்த்தாள்.

"அண்ணாச்சி, தோட்டாவத் தொலச்சிட்டியளா?"

"தோட்டா இல்லம்மா."

"பின்ன என்னத்துக்கு இந்தத் தேட்டம்? தோட்டான்னா சொல்லிருங்க, நான் நாளைக்கு வாரேன்."

வரிசையே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கெட்ட நேரம், அந்தச் சமயம் பார்த்துத்தான் எங்கள் சூப்பர்வைசர் பைக்கில் வந்து இறங்கினார். ஏஜென்சியில் எங்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்கும் அவர்தான் எல்லாம். வயதில் என்னைவிடச் சின்னவர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா.

"சனிக்கிழமை மணிமுத்தாறுல பயரிங் இருக்கு வே. நோட்டீஸ் பாத்தீரா?" என்றார். வருடத்துக்கு ஒரு தடவை மலையடிவாரத்து மைதானத்தில் எங்களைக் கூட்டிக்கொண்டுபோய் ஆளுக்கு ஐந்து தோட்டா சுடவைப்பார்கள். சுட்டால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் அடுத்த வருடமும் ஸ்டூல்.

பார்த்தேன் என்றேன். அவர் கண் குழலின் நுனிக்குப் போய்விட்டது.

"மணி எங்க?"

"தேடிக்கிட்டு இருக்கேன்."

"தேடுதீரா! குறி பாக்க மணி இல்லாம எப்படி வே சுடுவீரு? கண்ணக் கட்டிக்கிட்டா?"

இங்கே ஒன்று சொல்லவேண்டும். இந்தத் துப்பாக்கியில் மணியைப் பார்த்துக் குறி வைக்கக்கூடாது. போலீஸ்காரர்களின் ரைபிளில் பின்னால் ஒரு பள்ளம், முன்னால் ஒரு முள், இரண்டையும் நேர்கோட்டில் வைத்துச் சுடுவார்கள். எங்கள் துப்பாக்கியில் பின்னால் ஒன்றும் கிடையாது. சுடுகிறவனின் கண்தான் பின்பக்கத்துக் குறி. கன்னத்தைத் துப்பாக்கியின் மரக்கட்டையில் ஒழுங்காகப் பதித்தால் மணி நடுவில் நிற்கும். பதிக்காவிட்டால் மேலே ஏறும், பக்கத்தில் சரியும். கன்னம் சரியாக உட்கார்ந்ததா என்று காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. அப்புறம் கண் எதிரே இருப்பதைத்தான் பார்க்கவேண்டும். மணியையே முறைத்துக்கொண்டிருந்தால் சுடவேண்டியது தப்பிப் போகும். முதல் வருடம் மைதானத்தில் என் பிடரியில் தட்டி, அங்கே எங்களைச் சுடவைக்கும் போலீஸ் ஏட்டையா சொன்னது இது. ஒரு துப்பாக்கியை ஒருநாளும் தோளில் வைத்துப் பார்க்காத சூப்பர்வைசருக்கு இது தெரியாது. தெரிந்த நான் சொல்ல முடியாது. சொன்னால் "பாடம் நடத்துதீரோ?" என்பார்.

"சனிக்கிழமைக்குள்ள போட்டுட்டு வாரும். இல்லன்னா துப்பாக்கி பழுதுன்னு எழுதிருவேன். பழுதான துப்பாக்கிக்கு ட்யூட்டி கிடையாது. எனக்கு வேற கன்மேன் இருக்கான்."

போய்விட்டார். நான் அன்று முழுக்க வெறும் ஓட்டையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் கத்தினேன். தேர்தலுக்காகப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தபோதே எவனோ சுவரில் இடித்திருக்கிறான், அங்கேயே கழன்றிருக்கும் என்றேன்.

"ஸ்டேஷன்ல இருந்து வந்து எத்தன மாசமாச்சு? பூஜைக்கு முந்துன நாளு வரைக்கும் உருட்டிக்கிட்டுத்தான இருந்திய?" என்றாள்.

"அப்போ நீதான். சந்தனம் வைக்கும்போது பாக்க வேண்டாமா? மணி இல்லாத இடத்துல பொட்டு வச்சிருக்க."

"பொட்டு வச்சது நான்தான். மணி இருக்கா இல்லையான்னு துப்பாக்கிக்காரரு நீங்கதான பாக்கணும்? சாமிக்கு வைக்கும்போது நான் கண்ண மூடிக்கிட்டுத்தான் வைப்பேன்."

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். வருடா வருடம் பூஜைக்கு முந்தின நாள் குத்துவிளக்கோடும் சொம்போடும் சேர்த்து அந்த மணியையும் புளி போட்டுத் தேய்ப்பது நான்தான். பித்தளை என்றால் புளி. எங்கள் வீட்டில் அது சட்டம். தேங்காய் நாரால் நாலு தேய்ப்பு தேய்த்தால் பொன்மாதிரி மின்னும். அந்த மின்னல் எனக்குக் கொஞ்சம் பெருமையும்கூட. அது அன்றைக்கு ஞாபகத்துக்கு வரவில்லை என்று சொல்லமாட்டேன். வந்தது. வந்ததை ஒதுக்கிவிட்டேன்.

எங்கள் தெருமுனையிலேயே லேத் பட்டறை இருக்கிறது. அவன் இரண்டு நிமிடத்தில் ஒரு மணி கடைந்து போட்டுவிடுவான். ஆனால் துப்பாக்கியில் கைவைக்க லைசென்ஸ் உள்ள கடைக்காரர்தான் வேண்டும். பட்டறையில் கொடுத்து யாராவது சொல்லிவிட்டால்? லைசென்ஸ் போகும், வேலை போகும், கேஸ் வரும். அதனால் வியாழக்கிழமை மதியம் லீவு சொல்லிவிட்டு, துப்பாக்கியை மூன்றாகக் கழற்றி உறையில் போட்டு, பஸ் ஏறி ஜங்ஷன் பக்கம் இருக்கிற துப்பாக்கிக் கடைக்குப் போனேன். ஏறும்போது கண்டக்டர் உறையைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சிக்கு ஒண்ணு, உறைக்குள்ள இருக்க அண்ணனுக்கு ஒண்ணு, ரெண்டு டிக்கெட்டா?" என்றான். எல்லாருக்கும் என்னைப் பார்த்தால் ஒரு சிரிப்பு.

கடைக்காரர் அறுபது தாண்டியவர். கழுத்தில் பூதக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். லைசென்ஸைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு, குழலை மட்டும் துணி சுற்றிப் பட்டறைப் பிடியில் மாட்டினார். மணியின் தலை ஒடிந்து போயிருந்ததே தவிர அதன் திருகுப் பகுதி ஓட்டைக்குள்ளேயே இருந்தது. எண்ணெய் ஒரு சொட்டு விட்டார். கூர்மையான ஊசி முனையை ஓரத்தில் வைத்து, சின்னச் சுத்தியலால் இடப்பக்கமாகப் பைய தட்டினார். தட்டத் தட்ட அது மயிரிழை மயிரிழையாகச் சுழன்று மேலே வந்தது. கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்.

"பச்சப் பசேல்னு இருக்கு. பித்தளையத் தின்னுருக்கு. புளி போட்டீராக்கும்?"

"புளியா? துப்பாக்கிக்கு எவனாவது புளி போடுவானா?"

அந்தப் பொய்யை அவ்வளவு கோபத்தோடு சொன்னேன். அவர் அந்தத் திருகுத் துண்டை ஒரு காகிதத்தில் மடித்து என்னிடம் கொடுத்தார். ஒரு பாக்கெட்டைப் பிரித்துப் புது மணி ஒன்றை எடுத்தார். விரலாலேயே இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தார். திருகு ஒத்துப்போகிறதா என்று அப்படித்தான் பார்க்கவேண்டும்; விரலுக்கு வராவிட்டால் குறடு போட்டு முறுக்கக்கூடாது, குழலின் திருகு அழிந்துவிடும். அது ஒத்துப்போனது. கழற்றி, பசை ஒரு துளி வைத்து, மணியைச் சுற்றி ஒரு தோல் துண்டு போட்டு, குறட்டால் இறுக்கினார். ஐந்து நிமிட வேலை. எனக்குப் பசித்தது, நிம்மதியாகப் பசித்தது. எதிர்க்கடையில் ஒரு வடை தின்றுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, கொல்லைப்புறம் குழலைத் துடைக்க எடுத்தேன். துடைக்கவேண்டிய தேவையே இல்லை. கவலை. குழலைத் தனியே கழற்றி வானத்தைப் பார்த்துத் தூக்கினேன். ஒற்றைக்குழலை அப்படிப் பார்த்தால் உள்ளே வெள்ளிக் குழாய்மாதிரி வளையம் வளையமாக வெளிச்சம் ஓடும். ஓடியது. நுனிக்குக் கொஞ்சம் முன்னால், மேல்பக்கம், ஒரு கறுப்புப் புள்ளி. தூசி என்று ஊதினேன். போகவில்லை. துடைக்கும் கம்பியில் துணியைச் சுற்றி உள்ளே விட்டேன். அந்த இடத்தில் துணி மாட்டியது. இழுத்தேன். வெளியே வந்தபோது ஒரு நூல் பிரிந்து நீளமாகத் தொங்கியது.

அந்த ஆள் போட்ட மணியின் திருகு குழலின் சுவரைத் தாண்டி உள்ளே முள்மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. தோட்டாவின் ரவையும் அடைப்பும் பாய்ந்து போகிற வழியில்.

துணியை உருட்டித் தரையில் எறிந்தேன். பயத்தால் பாதி, மீதி கோபத்தால். ஏனென்றால் நான் இதை இன்றைக்குப் பார்க்காமல் விட்டிருந்தால், நாளைக்கு ஐந்து தோட்டா. ரவை அந்த முள்ளில் மோதும். முள் ஒடிந்து பறக்கலாம், குழல் கீறலாம், நுனி வீங்கலாம். ஒன்றும் ஆகாமலும் போகலாம், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 'போகலாம்'களுக்கு நடுவே என் கன்னம் அல்லவா இருக்கிறது?

மறுபடி பஸ். மறுபடி கடை. இந்தத் தடவை நான் உட்காரவில்லை.

"உள்ள பாத்தீரா?" என்றேன்.

"எதுக்குள்ள?"

"குழலுக்குள்ள. மணிய முறுக்கினதும் உள்ள பாக்க வேண்டாமா? முள்ளு நீட்டிக்கிட்டு நிக்கு."

"எத்தன வருசமா போடுதேன் தெரியுமா வே? நீரு என்ன படிச்சிருக்கீரு?"

"எட்டாப்பு. பாதி."

"அப்ப பேசாம இரும்."

"எட்டாப்புக் கண்ணுக்கே தெரியுது! ஒம்ம பூதக்கண்ணாடிக்குத் தெரியலயா?" என்று கத்திவிட்டேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நான் அப்படிக் கத்துகிற ஆள் இல்லை. அவர் குழலைப் பிடுங்காத குறையாக வாங்கி வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முகம் மாறியது. என்னைப் பார்க்காமலே பட்டறைக்குத் திரும்பினார்.

தப்பு எங்கே என்று அவர் வாயாலேயே வந்தது. அவரிடம் வருவதில் முக்கால்வாசி இரட்டைக்குழல். அதில் இரண்டு குழலுக்கும் நடுவே ஒரு பட்டை ஓடும். மணியை அந்தப் பட்டையில்தான் திருகுவார்கள். திருகு எவ்வளவு நீளமாக இருந்தாலும் பட்டைக்குக் கீழே இருக்கிற வெற்றிடத்தில் போய் நிற்கும், குழலைத் தொடாது. ஒற்றைக்குழலில் பட்டை கிடையாது. மணி நேராகக் குழலின் மேலேயே உட்காரும். நுனியில் சுவரும் மெலிசு. அங்கே திருகு உள்பக்கத்தோடு சமமாக நிற்கவேண்டும்; ஒரு முடிகூட எட்டிப் பார்க்கக்கூடாது. இரட்டைக்குழல் பாக்கெட்டை எடுத்து ஒற்றைக்குழலில் போட்டுவிட்டார். கை பழகின பழக்கம். அவ்வளவுதான்.

கழற்றினார், அரத்தால் திருகைக் குறைத்தார், போட்டார், உள்ளே பார்த்தார், மறுபடி கழற்றினார், குறைத்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். கடைசியில் உள்ளே துணி மாட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. பசை வைத்து இறுக்கிக் கொடுக்கும்போது, என்னிடம் சொல்வதுபோல் இல்லாமல் தனக்குத்தானே சொன்னார்: "செவ்வாக்கிழமை மேலப்பாளையம் பாய்க்கும் இதே பாக்கெட்டுதான்."

"எந்தப் பாய்?"

"ஒங்க ஏஜென்சிதான். பஸ் கதவுல இடிச்சு மணி ஒடிஞ்சு போச்சுன்னு வந்தாரு. அதுவும் ஒத்தக்குழல்தான்."

"போன் போடும்."

இரண்டு தடவை அடித்துப் பார்த்தார். "அவரு எடுக்கல. நாளைக்குப் பாத்துக்கிடலாம்."

நாளைக்கு! நாளைக்குக் காலையில் பாய் அந்தத் துப்பாக்கியில் ஐந்து தோட்டா சுடப்போகிறார். நாளைக்கு எதைப் பார்ப்பது?

பாய் மேலப்பாளையம் கிளையில் எங்கள் ஏஜென்சி கன்மேன். மைதானத்தில் வருடத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்வோம், நடுவில் எப்போதாவது போன். கெட்டிக்காரர், கிண்டல்காரர், ஒன்றுக்கும் அலட்டிக்கொள்ளமாட்டார். சாயங்காலம் என் போனை எடுத்தார். சொன்னேன். முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"போன வருசமும் பயரிங்குக்கு முந்துன நாளு போன் போட்டீரு. என்ன சொன்னீரு? தோட்டா ஈரமா இருக்குமோன்னீரு. அதுக்கு முந்துன வருசம் வேன் டயர் தேஞ்சிருக்குன்னீரு."

"இது அப்படி இல்ல பாய். நான் கண்ணால பாத்தேன்."

"ஒம்ம துப்பாக்கில பாத்தீரு. என் துப்பாக்கிய நேத்து சூப்பர்வைசர் பாத்து, மணி ஜோராயிருக்குன்னு டிக் அடிச்சிட்டாரு. ஒம்ம கவலைய எனக்கு ஏத்திவிடாதீரும் வே. எனக்கு சுகர் வேற இருக்கு."

வைத்துவிட்டார். இவ்வளவு காலம் நான் வீணாகப்பட்ட கவலையெல்லாம் சேர்ந்து நிஜமான ஒரு கவலையைத் தின்றுவிட்டது. என்மேலேயே எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் அல்ல.

சனிக்கிழமை வேன் மணிமுத்தாறு போய்ச் சேரும்போது மாஞ்சோலை மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. வேனிலேயே பாயிடம் இன்னொரு தடவை கேட்டேன். "இறங்கினதும் பாத்துக்கிடுவோம்" என்றார். இறங்கினதும் சூப்பர்வைசர் வரிசையில் நிறுத்திவிட்டார். மழை வருவதற்குள் முடிக்கவேண்டும் என்று அவருக்கு அவசரம். கையில் பேரேடு. ஒவ்வொருத்தர் துப்பாக்கியின் நுனியையும் தொட்டுப் பார்த்து, "மணி உண்டு", "மணி உண்டு" என்று டிக் அடித்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்தார்.

"போட்டாச்சா? இப்பதான் துப்பாக்கி மாதிரி இருக்கு."

"சார், பாய் துப்பாக்கிய உள்ள பாக்கணும்."

"ஒம்மது சரியா இருக்குல்லா?"

"இருக்கு."

"அப்ப ஒம்ம சோலியப் பாரும்."

அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். அந்தப் பேரேட்டில் மணி இருக்கிறதா இல்லையா என்று ஒரு கட்டம் இருந்தது. அந்த மணி குழலுக்குள் என்ன செய்கிறது என்பதற்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாத ஒன்று அவருக்கு உலகத்திலேயே இல்லை. முதல் ஆளாகப் பாயைக் கூப்பிட்டார்கள். மைதானத்து ஏட்டையா ஐந்து தோட்டாவை எண்ணி அவர் கையில் வைத்தார்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இல்லை. தோட்டாவைப் போடாதீரும், உள்ளே முள் இருக்கு, பாத்துட்டுப் போடும், அப்படித்தான் ஏதோ. மலையில் பட்டுத் திரும்பி வந்தது என் குரல். வரிசையில் யாரோ, "கிறுக்கனுக்குக் கோட்டி பிடிச்சிட்டு" என்றான். சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"லைன்ல நின்னு கத்துதீரா? இன்னியோட ஒம்ம ட்யூட்டி முடிஞ்சுது, பாத்துக்கிடும்!"

"முடியட்டும். உள்ள பாத்துட்டு முடியட்டும்."

வேலை போகிற பயத்தில்தான் இவ்வளவு ஓட்டமும் ஓடினேன். அந்த நிமிடம் அது எங்கே போனதென்று தெரியவில்லை. ஏட்டையாதான் கையைக் காட்டி இரண்டு பேரையும் நிறுத்தினார். பாயிடமிருந்து தோட்டாக்களைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். துப்பாக்கியை மடக்கி, குழலை மேகத்தைப் பார்த்துத் தூக்கினார். ஒரு கண்ணை மூடினார். பிறகு குழலை இறக்கி, சூப்பர்வைசர் கையில் கொடுத்து, "நீங்களே பாருங்க சார்" என்றார்.

சூப்பர்வைசருக்கு எந்தப் பக்கம் கண்ணை வைக்கவேண்டும் என்றே முதலில் தெரியவில்லை.

பாய் சுடவில்லை. நான் சுட்டேன். ஐந்தும் பலகையில் விழுந்தது. மணியைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்தேன். கோபத்தில் கன்னம் கட்டையில் நன்றாகப் பதியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். சூப்பர்வைசர் என் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். ஏட்டையா பக்கத்தில் நின்றதால் போட்டார். ட்யூட்டி முடிந்த பேச்சை மறுபடி எடுக்கவில்லை. ஆனால் பாயின் பேருக்கு நேரே 'துப்பாக்கி பழுது' என்று எழுதினார். சரிசெய்து கொண்டுவந்து காட்டும்வரை ட்யூட்டி இல்லை. தான் டிக் அடித்ததை அடித்து எழுதும்போது அந்த ஆளுக்கு ஒரு வெட்கமும் இல்லை.

திரும்பி வரும்போது வேனில் பாய் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். வேன் கல்லிடைக்குறிச்சியைத் தாண்டியது. அப்புறம் திரும்பாமலே சொன்னார்:

"சுட்டிருந்தா நான் மௌத்தாயிருப்பேன்னு சொல்லுதீரா?"

"தெரியாது பாய்."

"தெரியாதுல்லா? இப்ப ட்யூட்டி போனது மட்டும் நல்லாத் தெரியுது. தனியா வச்சுச் சொல்லியிருக்கலாம். ஊரக் கூட்டி என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீரு."

"நேத்தே சொன்னேன். சிரிச்சீரு."

"நீரு சொன்னா சிரிக்காம என்ன செய்ய?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பேசினால் அடிதடியாகியிருக்கும். வீட்டுக்கு வரும்வரை ஒவ்வொருத்தராக எடுத்துத் திட்டிக்கொண்டே வந்தேன். உள்ளே பார்க்காத கடைக்காரர். கட்டத்தை மட்டும் பார்க்கிற சூப்பர்வைசர். உயிர் தப்பினவனுக்கு நன்றி வேண்டாம், கோபமாவது வராமல் இருக்கலாம் அல்லவா? மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே வாசல் ஏறி, நடுவீட்டில் நின்று எல்லாவற்றையும் மனைவியிடம் கொட்டினேன். முதல் நாள் பட்டறையில் நடந்தது முதல் வேன் வரைக்கும். கடைசியில், "இவ்வளவுக்கும் காரணம் அந்த மணிய எவனோ ஒடிச்சதுதான். அவன் மட்டும் என் கையில கெடச்சான்..." என்றேன்.

அவள் எழுந்து அங்கணத்துக்குப் போனாள். பாத்திரம் தேய்க்கிற இடத்திலிருந்து ஒரு தேங்காய் நார்க் கொத்தை எடுத்துவந்து என்முன் வைத்தாள். பூஜைக்கு விளக்குத் தேய்த்த நார். புளிக்கறை படிந்து காய்ந்து கிடந்தது. நாருக்கு நடுவே, குருவிக்கூட்டில் முட்டைமாதிரி, ஒரு பித்தளைப் பொட்டு.

"காலைல சொம்பு தேய்க்கும்போது கையில குத்திச்சு," என்றாள். "அவனப் பிடிச்சிட்டியளா?"

நான் அந்த நாரையே பார்த்துக்கொண்டு நின்றேன். வருடா வருடம் புளி. புளி திருகைத் தின்னத் தின்ன, அதன்மேல் என் கட்டைவிரல். கடைசியில் ஒரு தேய்ப்பு. ஈரச் சட்டையோடு, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நிற்பது என்ன கொடுமை. அவளையாவது திட்டலாம் என்றால் அவள் சிரிக்கக்கூட இல்லை. தலை துவட்டத் துண்டு எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மணியின் தலையை நாரிலிருந்து பிரித்து எடுத்தேன். பழைய திருகுத் துண்டைக் கடைக்காரர் முதல் நாளே ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்திருந்தார். அதை எடுத்துத் தலையின் அடியில் வைத்துப் பார்த்தேன். ஒடிந்த இடம் ஒன்றோடொன்று பொருந்தியது. எவ்வளவு குட்டையான திருகு! அப்பா வாங்குவதற்கு முன்னால் எந்தப் பட்டறையிலோ எவனோ ஒருத்தன் இதைக் குழலில் வைத்து, உள்ளே பார்த்து, அளவாக நிறுத்தியிருக்கிறான். முகம் தெரியாத அவன்மேல் மட்டும்தான் எனக்கு அன்றைக்குக் கோபம் இல்லை.

திங்கட்கிழமை ட்யூட்டி முடிந்து அந்தக் காகிதத்தோடு கடைக்குப் போனேன். பட்டறைப் பிடியில் பாயின் குழல் மாட்டியிருந்தது. பாய் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அவரைத் தாண்டிப் போய், கடைக்காரரின் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் அந்த இரண்டு துண்டையும் வைத்தேன்.

"ஒத்தக்குழலுக்கு இதான் அளவு. இனிமே இத வச்சுப் பாத்துட்டுப் போடும்."

கடைக்காரர் கண்ணாடியில் பார்த்தார். "தலை எங்க கெடச்சுது? ஸ்டேஷன்லயா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"வீட்ல," என்றேன். "தேங்கா நாருக்குள்ள."

"அப்ப புளி?"

"போட்டேன்."

"எவனாவது புளி போடுவானான்னு கத்துனீரே?"

"போட்டேன் வே! வருசா வருசம் போட்டேன். போதுமா?"

கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் முதலில் சிரித்தது பாய்தான். தெருவைப் பார்த்தபடியே தோள் குலுங்கச் சிரித்தார். "அப்ப ஒம்ம வீட்டு நாரு செஞ்ச வேலைக்கா நான் ரெண்டு நாளா வீட்ல கெடக்கேன்?" என்றார். அந்த நார் மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் நான் கடைக்கே வந்திருக்கமாட்டேன், பாய் அந்த முள்ளோடு சுட்டிருப்பார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவருக்கே அது தெரிந்துவிட்டது. சிரிப்பு பாதியில் நின்றது.

கடைக்காரர் வேலையை முடித்தார். குழலை அவிழ்த்து, தானே உள்ளே ஒரு தடவை பார்த்து, பாயிடம் கொடுத்தார். பாய் வாசலுக்குப் போய் வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பிறகு அதை என்னிடம் நீட்டினார்.

பார்த்தேன். வெள்ளி வளையங்கள் தடையில்லாமல் நுனிவரை ஓடின. துணி கேட்டேன், கொடுத்தார்கள், விட்டு இழுத்தேன். மாட்டவில்லை. மறுபடியும் தூக்கிப் பார்த்தேன்.

"ரெண்டு தடவ பாத்தாச்சே வே," என்றார் பாய்.

"மூணாவது தடவ பாத்தா ஒமக்கு என்ன கொறஞ்சு போச்சு?" என்று எரிந்து விழுந்தேன். அவர் ஸ்டூலை எனக்குத் தள்ளிவிட்டு, பொறுமையாக நின்றார்.